இரண்டு தாத்தாக்களுக்கு ஒரு பேரன்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். வெகுகாலத்துக்கு முன்னால் ஒரு தேசத்தை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஆனால் இந்தக் கதையில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. அவர் பாட்டுக்கு ஆளட்டும். நமக்கு வேண்டியவர்கள் அந்தத் தேசத்தில் கீழமதகூர் என்ற ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஆவுடையப்பனும் அவர் மனைவி பூரணமும்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பன்னிரண்டு வருஷமும் ஒருவரை ஒருவர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களிடம் ஊரார், "அவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க" என்பார்கள். பதின்மூன்றாவது வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. சண்டையும் அன்றைக்கே பிறந்தது.

"எங்க அப்பா பேருதான். மலைக்கொழுந்தன்," என்றார் ஆவுடையப்பன். "இந்தக் கொடிக்காலுக்குத் தண்ணி வர்ற வாய்க்காலை ஒத்தை ஆளா வெட்டுன மனுஷன். பேரன்னா என்ன அர்த்தம்? தாத்தா பேரைத் தாங்குறவன்!"

"எங்க அப்பாவுக்கும் இவன் பேரன்தானே?" என்றாள் பூரணம். "தாயில்லாத என்னைத் தோளுல தூக்கி வளத்தவரு தீத்தாரப்பன். உங்களுக்கு அண்ணன் தம்பி இருக்காங்க, அவங்க பிள்ளைகளுக்கு உங்க அப்பா பேரு வைக்கட்டும். நான் ஒத்தைப் பொண்ணு. இவனுக்கு வைக்கலைன்னா அந்தப் பேரு என்னோட போயிரும்."

அடுத்த பிள்ளைக்கு இன்னொரு பேர் வைக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவர்களுக்கு அடுத்த பிள்ளை என்ற பேச்சே கிடையாது.

பதினாறாம் நாள் பேர் வைக்கும் சடங்கு வந்தது. அப்பா குழந்தையின் வலது காதில், "மலைக்கொழுந்தா, மலைக்கொழுந்தா, மலைக்கொழுந்தா" என்றார். அதே நேரத்தில் அம்மா இடது காதில், "தீத்தாரப்பா, தீத்தாரப்பா, தீத்தாரப்பா" என்றாள். குழந்தை வீறிட்டு அழுதது. வந்தவர்கள் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, எந்தப் பேர் சொல்லி வாழ்த்துவது என்று தெரியாமல், "நல்லா இருக்கட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

ஊர்த் தலைவரிடம் வழக்குப் போனது. அவர் மூன்று நாள் விசாரித்து, இரண்டு பேரும் வேண்டாம், என் பேரை வையுங்கள் என்றார். ஜோசியரிடம் போனார்கள். அவர் கட்டங்களைப் பார்த்து, நட்சத்திரப்படி 'சூ' என்ற எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்றார். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் ஒற்றுமையாக இருந்தார்கள். ஜோசியரைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.

குழந்தைக்கு நான்கு வயதானது. வாசலில் இருந்து அப்பா "மலைக்கொழுந்தா!" என்பார். அடுப்படியில் இருந்து அம்மா "தீத்தாரப்பா!" என்பாள். முன்பெல்லாம் அவன் இரண்டுக்கும் ஓடினான். ஒரு பேருக்கு ஓடினால் இன்னொரு முகம் வாடுகிறது என்று அந்தச் சின்ன மனசுக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. அதன்பிறகு அவன் இரண்டுக்கும் ஓடவில்லை. கூப்பிடக் கூப்பிட, இருந்த இடத்திலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பான்.

"பிள்ளைக்குக் காது மந்தமோ?" என்று பெற்றவர்கள் கவலைப்பட்டார்கள்.

அந்த வருஷம் தலைநகரத்துத் தேர்த்திருவிழாவுக்கு ஒரு பெரிய துறவி வந்திருந்தார். கடைசியாக அவரிடம் கேட்டுவிடுவது என்று குழந்தையை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். துறவி மௌன விரதம். அவர் முன்னால் நின்று ஆவுடையப்பன் தன் நியாயத்தைச் சொன்னார். துறவி தலையசைத்தார். பூரணம் தன் நியாயத்தைச் சொன்னாள். அதற்கும் தலையசைத்தார்.

"எனக்குத்தான் தலையசைச்சாரு!"

"எனக்குந்தான் அசைச்சாரு. உங்களைவிட நல்லா அசைச்சாரு!"

தேர் வந்தது. போனது. இவர்கள் பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது குழந்தை இல்லை.

அதற்குப் பிறகு அவர்கள் பட்டபாட்டைச் சொல்லி முடியாது. ஆவுடையப்பன் கிழக்கே ஓடி, "மலைக்கொழுந்தா!" என்று கத்தினார். பூரணம் மேற்கே ஓடி, "தீத்தாரப்பா!" என்று கதறினாள். இரண்டு குழந்தைகள் காணாமல் போய்விட்டதாக ஊர் நினைத்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பிள்ளைகளைத் தேடியது.

குழந்தை தூரத்தில் இல்லை. கடைவீதியில் ஒரு வண்டிக்கு அடியில்தான் இருந்தான். இரண்டு குரலும் அவன் காதில் விழுந்தன. பழகியபடியே, தலைகுனிந்து அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

குரல்கள் ஓய்ந்து வெகுநேரம் கழித்து ஒரு காவல்காரன் அவனைப் பார்த்தான்.

"உன் பேர் என்னப்பா?"

"இன்னும் முடிவாகலை," என்றது குழந்தை.

காவல்காரன் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாவடி மணியக்காரரிடம் ஒப்படைத்தான். அவர் பால் கொடுத்துத் தூங்கவைத்தார். செய்தி கேட்டு ஆவுடையப்பனும் பூரணமும் அழுதுகொண்டே ஓடி வந்தார்கள்.

"பிள்ளை பேர் என்ன?" என்று கேட்டார் மணியக்காரர்.

"மலைக்கொழுந்தன்!" "தீத்தாரப்பன்!"

மணியக்காரர் முகம் இறுகியது. திருவிழாக் கூட்டத்தில் குழந்தை திருடும் கும்பல் திரிந்த சமயம் அது. "பெத்தவங்களுக்குப் பிள்ளை பேர் தெரியாதா?"

"எங்களைப் பாத்தா அவனே அம்மான்னு ஓடி வருவான் ஐயா," என்றாள் பூரணம்.

"வெல்லக்கட்டி கொடுத்துப் பழக்கினா எந்தக் குழந்தையும் யாரையும் அம்மான்னு சொல்லும். ரெண்டு பேரையும் தனித்தனி அறையில வைக்கிறேன். யோசிச்சுச் சொல்லுங்க. ஒரே பேர் வந்தா பிள்ளை உங்களுக்கு. வரலைன்னா ரெண்டு பேருக்கும் சிறை."

அறையில் ஆவுடையப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். 'அவ பிடிவாதக்காரி, விடமாட்டா. வாய்க்கால் இருக்கிற வரைக்கும் எங்க அப்பாவை யாரும் மறக்கப் போறதில்லை. எனக்குப் பிள்ளை கிடைச்சாப் போதும்.'

அடுத்த அறையில் பூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். 'அவர் விடமாட்டார். பேர் போனாப் போகட்டும் அப்பா, என்னை மன்னிச்சிருங்க. எனக்கு என் பிள்ளை வேணும்.'

மணியக்காரர் வந்து கேட்டார்.

"தீத்தாரப்பன்," என்றார் ஆவுடையப்பன்.

"மலைக்கொழுந்தன்," என்றாள் பூரணம்.

மணியக்காரர் வெளியே வந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சிரித்துவிட்டார். திருடர்களாக இருந்தால் வரும்போதே ஒரு பேரைப் பேசிவைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். இவ்வளவு குளறுபடி செய்யப் பெற்றவர்களால்தான் முடியும்.

குழந்தையை எழுப்பிக்கொண்டு வந்தார்கள். பூரணம் அவனை வாரி எடுத்து முகமெல்லாம் முத்தமிட்டாள். ஆவுடையப்பன் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினார். மணியக்காரர் ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்தார். "பிள்ளையை ஒப்படைச்சேன்னு எழுதணும். ஒரு பேர் சொல்லுங்க."

பூரணம் குழந்தையை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மலைக்கொழுந்தன்னு எழுதுங்க ஐயா."

"இல்லை ஐயா, தீத்தாரப்பன்," என்றார் ஆவுடையப்பன்.

"நான்தான் விட்டுக்கொடுத்துட்டேனே!"

"நான் உனக்கு முன்னாலேயே விட்டுக்கொடுத்தேன்!"

"அப்ப, நான் விட்டுக்கொடுத்தா அது உங்களுக்கு ஆகாதா?"

"ஒரு தடவையாவது என்னை நல்லவனா இருக்க விடுவியா?"

சாவடி அதிர்ந்தது. மணியக்காரர் எழுத்தாணியால் வாசலைக் காட்டினார். வாசற்படியைத் தாண்டி, தெருவில் வந்த மாட்டு வண்டிகளுக்கு நேராக, குழந்தை தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

இருவரும் பாய்ந்தார்கள். எந்தத் தாத்தாவும் அவர்கள் நினைவில் வரவில்லை.

"கண்ணு!" என்று இருவர் வாயிலும் ஒரே நேரத்தில் ஒரே சொல் வந்தது.

குழந்தை நின்றது. திரும்பிப் பார்த்தது. வெகுநாளைக்குப் பிறகு, கூப்பிட்ட குரலுக்குச் சிரித்துக்கொண்டே ஓடி வந்தது.

மணியக்காரர் ஓலையில் 'கண்ணு' என்று எழுதி, அவர்கள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் முத்திரையும் வைத்துவிட்டார்.

ஆகையால் கேளுங்கள்: பிள்ளைக்காகச் சண்டை போடுகிறோம் என்பவர்கள், அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும்.