குழலியின் விடைத்தாள்

மாலை ஐந்து நாற்பது. திருச்சியில் மழை வரப்போவதாகக் காட்டிக்கொண்டு, வராமல் புழுங்கியது.

"குழலியின் விடைத்தாளை எனக்குக் காட்டுங்கள், மேடம்" என்றார் பொன்னம்பலம்.

அவருக்கு வயது முப்பத்தாறு, பாலிடெக்னிக் விரிவுரையாளர். முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஹஸீனா, அவரைவிட ஏழு வயது இளையவர்.

"எதற்கு, சார்?"

"நானும் அவளும் ஒரே துறை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உங்களிடம் படித்தோம். அவளுக்குத் தொண்ணூற்றெட்டு சதமானம், எனக்கு எழுபத்தொன்று. எப்படி என்று தெரிய வேண்டாமா?"

"உங்கள் விடைத்தாளைப் பார்த்தீர்களா?"

"உங்களுக்கு அனுப்பினேனே."

"பார்த்தீர்களா என்று கேட்டேன்."

"அதில் பார்க்க என்ன இருக்கிறது?"

ஹஸீனா பேனாவை மூடி வைத்தார்.

"ஏழு வாரத்தில் மறுதேர்வு. அதிலும் தவறினால் கல்லூரி எனக்கு இனிப் படிப்பு விடுப்புத் தராது. அவளோ ஸ்டாஃப் ரூமில் மைசூர்பாகை நீட்டுகிறாள். எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டேன்."

"இருக்கிறதா?"

"இல்லை."

ஹஸீனா இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பெயரும் பதிவெண்ணும் உள்ள மேல்பகுதியைப் பின்புறமாக மடித்து மேசைமேல் வைத்தார்.

"இருபது கேள்விகள். குறித்த விடையும் சரியான விடையும் இருக்கின்றன. என்ன நேர்ந்திருக்கிறது, சொல்லுங்கள்."

பொன்னம்பலம் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். பல நாட்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது.

"மூன்றாவதைப் பாருங்கள். 'தவறான கூற்று எது' என்று கேட்டிருக்கிறார்கள். இவள் சரியான கூற்றைக் குறித்திருக்கிறாள். எட்டிலும் அதே கூத்து. கேள்வியின் கடைசி வரிக்குப் போகவே இல்லை."

"அப்புறம்?"

"பதினொன்று, தெரியாத கேள்வி. விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? குருட்டாம்போக்கில் குறித்து மைனஸ் வாங்கியிருக்கிறாள். பதினான்கில் கணக்குச் சரி, அலகு தப்பு. எங்கள் முதலாண்டு மாணவர்கள்கூட இதைச் செய்யமாட்டார்கள்."

"கடினமான கேள்விகள்?"

"அவை எல்லாம் சரி. அதுதான் வேடிக்கை. விஷயம் தெரிகிறது, பொறுமை இல்லை." சிரித்தார். "இந்த லட்சணத்துக்குத் தொண்ணூற்றெட்டா? வெறும் அதிர்ஷ்டம், மேடம்."

"இவர் மறுபடி எழுதினால் தேறுவாரா?"

"கேள்வியை முழுவதும் படித்தால் போதும். ஏழு வாரம் தாராளம்."

ஹஸீனா மடிப்பைப் பிரித்தார்.

பெ. பொன்னம்பலம் என்றிருந்தது.

பொன்னம்பலம் பதிவெண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன.

"குழலியின் தாள்?" என்றார் கடைசியில்.

"அது குழலியிடம் இருக்கிறது, சார்."

மறுநாள் காலை ஹஸீனா கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் புதிய அணிக்கு முதல் பாடத்தைத் தொடங்கினார். குழலி, ஸ்டாஃப் ரூம் மேசையில் மைசூர்பாகு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். பொன்னம்பலம் இடக்கைச் சுட்டுவிரலை மூன்றாவது கேள்வியின் அடியில் வைத்து, கடைசி வரிவரை படித்தார். வலக்கையில் மைசூர்பாகு.