வால் தெரியும் வரை

ஏரியின் வடகரையில், நாணல் முடிந்து புல் தொடங்கும் இடத்தில், காட்டு விலங்குகள் தங்கள் குட்டிகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்தின. தலைமையாசிரியர் ஒரு கடமான். காவல் பார்ப்பது ஓர் ஆள்காட்டிக் குருவி. குட்டிகள் அதை 'ஆள்காட்டி டீச்சர்' என்று கூப்பிட்டன.

நாணல் அசைந்தால் போதும், ஆள்காட்டி கத்திவிடும். உடனே குட்டிகள் பாடத்தை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு அப்பால் ஓடிவிடும். பெரும்பாலும் அது காற்றாக இருக்கும். சில நாள் ஆமையாக இருக்கும். எப்போதாவது சிறுத்தையாக இருக்கும். அதற்குள் குட்டிகள் எட்டாத தூரத்தில் நிற்கும். சிறுத்தை ஏமாந்து திரும்பிவிடும்.

மழைக்காலம் முடிந்தது. புதிய கல்வியாண்டு தொடங்கும் முன் கடமான் பெற்றோரைக் கூட்டியது.

"இந்த வருஷம் சில மாற்றங்கள் கொண்டுவரலாம்னு இருக்கோம். நீச்சல் வகுப்பு இனி காலையிலயே நடக்கும். புல் அறியும் பாடத்துல விஷப்புல்லையும் சேர்த்திருக்கோம்."

"எங்க பிள்ளைங்க நாள் முழுக்கச் சேத்துல புரளுதுங்க. அதுக்கு மார்க் உண்டா சார்?" என்று கேட்டது காட்டுப்பன்றி.

எல்லாரும் சிரித்தார்கள். செங்கனி என்ற புள்ளிமான் மட்டும் சிரிக்கவில்லை. அது முன்னால் வந்து நின்றது.

"சார், போன வருஷம் போர்ஷனே முடியல. தடம் படிக்கிற பாடத்தை எம்பொண்ணு மொட்டு தொடக்கூட இல்ல. நீங்க ஆரம்பிக்கும்போதெல்லாம் டீச்சர் கத்திடுறாங்க. அவ்வளவுதான், அன்னைக்குப் பாடம் போச்சு!"

"மலைக்காட்டுப் பள்ளியில பங்குனிக்கு முன்னாடியே முடிச்சிட்டாங்களாம்!" என்றது முயல்.

செங்கனியின் குரல் தாழ்ந்தது. "என் மூத்ததுக்குத் தடம் பார்க்கத் தெரியாது சார். சிறுத்தை போன வழியிலேயே தண்ணி குடிக்கப் போச்சு. திரும்பி வரல. இவளாவது அதைப் படிச்சிடணும்."

 அங்கிருந்த எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும்.

"நான் கத்தாம இருந்தா..." என்று ஆரம்பித்தது ஆள்காட்டி.

"கத்த வேண்டாம்னு சொல்லல டீச்சர். நல்லாப் பார்த்துட்டுக் கத்துங்கன்னுதான் சொல்றேன்," என்றது செங்கனி.

"சிறுத்தை முழுசா வந்து நிக்காதும்மா. முதல்ல ஒரு காதுதான் தெரியும். அதுவும் இலை மாதிரி இருக்கும்."

"போன தடவை நீங்க காதுன்னு சொன்னது காஞ்ச தேக்கிலைதானே டீச்சர்!" என்றது காட்டுப்பன்றி. மறுபடியும் சிரிப்பு எழுந்தது. ஆள்காட்டி தலை குனிந்துகொண்டது.

கடமான் தொண்டையைக் கனைத்தது. "சரி, இப்படி வச்சுக்கலாம். தலையும் உடம்பும் தெரிஞ்சா கத்தலாம்."

"காட்டுப்பூனைக்கும் தலையும் உடம்பும் இருக்கே சார்!" என்றது செங்கனி. "அதுக்கு வால் குட்டை. சிறுத்தைக்கு நீளம். வாலையும் பார்த்துட்டா சந்தேகமே வராதே!"

"அருமை! யாருக்கும் தோணலையே இது!" என்று கடமான் பாராட்டியது. தலை, உடம்பு, வால் மூன்றும் தெரிந்த பிறகே கத்த வேண்டும் என்று விதி உண்டானது. மீறினால் காவல் வேலை மைனாவுக்குப் போய்விடும்.

ஆள்காட்டி விதிக்கு ஒப்புக்கொண்டது. அது கூடு வைக்கும் வெட்டவெளி பள்ளி மைதானத்தின் ஓரத்தில்தான் இருந்தது. காவல் போனால் அந்த இடமும் போய்விடும்.

வகுப்புகள் தொடங்கின. நாணல் அசைந்தது. ஆள்காட்டி குரலை விழுங்கிக்கொண்டு பார்த்தது. காற்று. இன்னொரு நாளும் அசைந்தது. அன்றைக்கு ஆமை. பாடம் ஒரு நாளும் நிற்கவில்லை. இடைவேளையில் குட்டிகள் இதையே ஒரு விளையாட்டாக்கிக்கொண்டன. ஒரு குட்டி புதருக்குள் ஒளிந்துகொள்ளும். "வால் தெரியுதா? வால் தெரியுதா?" என்று மற்றவை கத்தும். ஆள்காட்டி வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

தடம் படிக்கும் பாடத்தில் மொட்டுதான் முதல். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதே பேச்சு.

"அம்மா, நரியோட தடத்துல நகம் பதிஞ்சிருக்கும். சிறுத்தையோட தடத்துல நகமே இருக்காது. ஏன் சொல்லு?"

"தெரியலையேடி."

"நடக்கும்போது உள்ள இழுத்து வச்சுக்குமாம்! இதுகூடத் தெரியாம எப்படிம்மா இவ்வளவு நாள் உயிரோட இருந்த?"

"வாயப் பாரு!" என்று செங்கனி அதன் நெற்றியை நக்கிக் கொடுத்தது. வெகுகாலத்துக்குப் பிறகு அன்றிரவு செங்கனி நிம்மதியாகத் தூங்கியது.

ஒரு காலையில் வானம் மூடியிருந்தது. கடமான் குட்டிகளை ஏரியின் சேற்றுக்கரைக்கு அழைத்துப் போனது. "ஆளுக்கொரு தடம் கண்டுபிடிங்க பார்க்கலாம்!"

குட்டிகள் சிதறி ஓடின. முயல்குட்டி கொக்கின் தடத்தைக் கண்டுபிடித்தது. பன்றிக்குட்டிகள் தங்கள் தடத்தையே கண்டுபிடித்துவிட்டு அடித்துக்கொண்டன. மொட்டு நாணலை ஒட்டிக் குனிந்து குனிந்து போனது.

ஆள்காட்டி மேட்டின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நாணலுக்குள் ஒரு காது தெரிந்தது. இலைபோலத்தான் இருந்தது. பிறகு அது திரும்பியது. இலை அப்படித் திரும்பாது.

ஆள்காட்டியின் அலகு திறந்தது. 'காது மட்டும்தானே' என்று நினைத்து மூடிக்கொண்டது. தோள் தெரிந்தது. முதுகில் பாதி தெரிந்தது. மீதி நாணலுக்குள் இருந்தது.

"சார்! இங்க ஒரு தடம் இருக்கு! நகம் இல்ல சார்!" என்று மொட்டு கூவியது.

"சபாஷ்! புதுசா, பழசா? அதையும் சொல்லு!"

மொட்டு இன்னும் குனிந்து பார்த்தது. "புதுசு சார்! ஓரம் இடியல. உள்ள தண்ணி இப்பத்தான் ஊறிக்கிட்டு இருக்கு!"

"மிகச் சரியான பதில்!" என்றது கடமான். சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதிலின் பொருள் அதற்கு உறைத்தது.

அப்போது வால் தெரிந்தது. சிறுத்தை பாயும்போது அது நாணலுக்கு மேலே உயர்ந்தது. ஆள்காட்டி கத்தியது. தொண்டை கிழியக் கத்தியது. குட்டிகள் எல்லாம் மேட்டைத் தாண்டி ஓடின. நாணலுக்குப் பக்கத்தில் நின்ற மொட்டுக்கு மட்டும் ஓட நேரம் இருக்கவில்லை.

சத்தம் கேட்டுச் செங்கனி ஓடி வந்தபோது சேற்றில் தடங்கள் மட்டும் இருந்தன.

அன்று மாலையே பெற்றோர் கூடினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"விதிப்படி பார்த்தா டீச்சர் மேல தப்பு இல்ல," என்றது கடமான். "பாடமும் முறையாத்தான் நடந்தது."

"அப்ப பிள்ளை எப்படி சார் போச்சு?" என்று காட்டுப்பன்றி கேட்டது. 

ஆள்காட்டி செங்கனியின் முன்னால் வந்தது. "காது தெரிஞ்சதும்மா. தோளும் தெரிஞ்சது. நான் வாலுக்காகக் காத்திருந்தேன். என்னைத் திட்டுங்க. ஏதாவது சொல்லுங்க."



"என்ன சொல்றது டீச்சர்? அந்த வாலைக் கேட்டதே நான்தானே," என்றது செங்கனி.

விதி அப்போதே கைவிடப்பட்டது. "இனிமே எதைப் பார்த்தாலும் கத்துங்க டீச்சர்," என்றது கடமான்.

ஆனால் மறுநாள் நாணல் அசைந்தபோது ஆள்காட்டியின் அலகு திறந்தது, குரல் வரவில்லை. விழுங்கி விழுங்கிப் பழகிய தொண்டை அது. கரையில் வேறொரு குரல் கேட்டது. பள்ளிக்கு அனுப்பக் குட்டி இல்லாத செங்கனி அங்கே வந்து நின்றிருந்தது. அதுதான் கத்தியது. குட்டிகள் ஓடின. நாணலை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது ஓர் ஆமை.

குட்டிகள் திரும்பி வந்து உட்கார்ந்தன. கடமான் பாடத்தைத் தொடங்கியது. நாணல் அசைந்தது. செங்கனி மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை காற்று.

இப்படியே பல நாள் போயிற்று. ஒரு நாள் முயல் தயங்கித் தயங்கிச் செங்கனியின் பக்கத்தில் வந்தது.

"அக்கா, அது வெறும் காத்துதான். பிள்ளைங்களுக்குப் பாடம்..."

செங்கனி திரும்பிப் பார்த்தது.  முயல் தன் குட்டி எங்கே என்று கண்களால் தேடி, அதன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"கத்தட்டும்," என்றது கடமான். "பாடத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்."

வீணாக எழும் எச்சரிக்கைகளைப் பொறுத்துக்கொள்ளாதவர்களுக்கு, உயிர் காக்கும் எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைப்பதில்லை.