பத்துக்கு மூன்று கட்டம்

திருமுடி நாட்டில் சேதுரங்க பூபதி என்றொரு ராஜா இருந்தார். போரில் தோற்றால் பொறுத்துக்கொள்வார். பரமபதத்தில் தோற்றால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். அவர் முன்னால் ஒருநாள் காலையில் ஒரு பரமபதத் துணியே வழக்காக வந்து சேர்ந்தது.

வழக்கைக் கொண்டுவந்தவர் அங்காடி அதிகாரி விருத்தகிரி. தலைநகரில் ஜனங்கள் எதை வாங்குவதென்றாலும் அவருடைய மண்டபத்துக்குத்தான் போவார்கள். அங்கே விற்கும் பொருள் எதுவானாலும் பத்துக்கு மூன்று அவருக்கு. மண்டபத்துக்கு ஓடு போட்டது அவருடைய தாத்தா. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு ஓடு மாற்றியதாகத் தகவல் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவள் வடிவாம்பாள். துணியில் பாம்பும் ஏணியும் எழுதி விற்பவள். வைகுண்ட ஏகாதசிக்கு இன்னும் நான்கு நாள்தான். ஊரே பரமபதம் ஆடும் நாள் அது ஒன்றுதான், அவளுடைய வருஷத்துச் சோறும் அந்த ஒரு நாளில்தான். எழுதி வைத்திருந்த இருநூறு துணியையும் விருத்தகிரி மூட்டை கட்டிப் பூட்டிவிட்டார்.

"என்ன குற்றம்?" என்றார் ராஜா.

"பிரபு, என் மண்டபத்தில் விற்கிற துணியின் ஓரத்தில், 'கீழவீதியில் என் வீட்டுக்கு வந்தால் மூன்று காசு குறைவு' என்று எழுதியிருக்கிறாள். என் கூரைக்குக் கீழே நின்றுகொண்டே வெளியே வழி காட்டுகிறாள்! ஆட்டமும் சரியில்லை. பாம்பைக் கூட்டு, கடித்தால் ஒரு காசு கட்டித் தப்பலாம் என்று வை, நன்றாக ஓடும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். கேட்கவில்லை."

"காசு குடுத்தா பாம்பு கடிக்காதுன்னா, காசு இருக்கறவங்க எதுக்குங்க மகாராஜா கட்டைய உருட்டணும்? நேராப் பரமபதத்துக்கே போயிடலாமே" என்றாள் வடிவாம்பாள்.

ராஜாவுக்கும் சொந்தமாக ஒரு கருத்து இருந்தது. "கடைசியில் ஒரு பெரிய பாம்பு இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிடலாம்" என்றார். சபையில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புக்கு வந்தார்.

"இடம் கொடுத்தவருக்குப் பத்துக்கு மூன்று. அது நியாயம்தான். ஏகாதசி முடியும்வரை துணிகள் மூட்டையிலேயே இருக்கட்டும்."

வடிவாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏகாதசி முடிந்தபின் பரமபதத் துணியை எவர் வாங்குவார்? கைதுடைக்கக்கூட ஆகாது, சாயம் ஒட்டும்.

அப்போது குழைக்காதர் எழுந்தார். ராஜாவுக்கு யோசனை சொல்வதற்கென்று சம்பளம் வாங்குபவர் அவர். பெரும்பாலும் கேட்காமலே சொல்லிவிடுவார்.

"மகாராஜா, இந்த நியாயம் எல்லா இடத்துக்கும் பொதுதானே?"

"பொதுதான்."

"அப்படியானால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆட்டம் சரியில்லை என்கிறார் அதிகாரி. தாங்களும் அவரும் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிடுங்கள்."

ராஜாவுக்குக் கசக்குமா? சிம்மாசனத்தை விட்டு உடனே இறங்கிவிட்டார். தரை சில்லென்றிருக்கும் என்று சொல்லி, குழைக்காதர் தன் மேல்துண்டை விரித்து அதன்மேல் பரமபதத் துணியைப் பரப்பினார்.

தாயம் விழாமல் காய் இறங்கக் கூடாது என்பது ஆட்டத்தின் முதல் விதி. பதினொரு தடவை உருட்டி, நெற்றி வியர்த்த பிறகு ராஜாவுக்குத் தாயம் விழுந்தது. விருத்தகிரிக்கு அதற்குப் பிறகுதான் விழுந்தது. முன்பே விழுந்திருந்தாலும் காயை இறக்காமல் காத்திருந்திருப்பார், உத்தியோகம் முக்கியம்.

அடுத்து ராஜாவுக்குப் பன்னிரண்டு. காயைத் தூக்கிக்கொண்டு ஜம்மென்று போய் வைத்தார். குழைக்காதர் குனிந்து, அதை மூன்று கட்டம் பின்னால் நகர்த்தினார். மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து மூன்றாம் கட்டத்தில் வைத்தார்.

"இது என்ன?"

"பங்கு, மகாராஜா. கீழே கிடப்பது என் துண்டு. இடம் கொடுத்தவருக்குப் பத்துக்கு மூன்று. மீதி இரண்டு கட்டத்தை அடுத்த கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்."

"உன் காய்க்குத் தாயமே விழவில்லையே?"

"நான் ஆடவில்லையே, மகாராஜா."

சொன்ன வாக்கை மாற்ற முடியாமல் ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். ஏணியில் நாற்பது கட்டம் ஏறினார், பன்னிரண்டு போயிற்று. "ஏணிக்குமா?" என்றார். "எப்படி ஏறினாலும் ஏற்றம்தானே" என்றார் குழைக்காதர். இறங்கி வந்து நின்ற கட்டத்தில் ஒரு பாம்பு வாயைத் திறந்துகொண்டிருந்தது. ராஜா முப்பது கட்டம் சறுக்கினார்.

"இந்தா, இதிலும் பத்துக்கு மூன்று இறக்கு உன் கொட்டையை!"

"பங்கு ஏற்றத்தில் மட்டும்தான் மகாராஜா. சறுக்கல் ஆடுகிறவருடையது. அதிகாரியைக் கேட்டுப் பாருங்கள்."

விருத்தகிரி தாயக்கட்டையை ரொம்பக் கவனமாக உருட்டினார். அவரையும் பாம்பு கடித்தது.

இருவரும் ஏறினார்கள், சறுக்கினார்கள், திரும்பவும் ஏறினார்கள். ஒவ்வொரு தடவையும் கொட்டை நகர்ந்தது. ராஜா எழுபதாம் கட்டத்திலும் அதிகாரி இருபதிலும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, புளியங்கொட்டை பரமபதத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பின்வரிசையில், ஆட்டம் கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்த கிழட்டு மந்திரி கையைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார்: "யாருப்பா ஜெயிச்சது?"

"ஆடாதவர்" என்றார் குழைக்காதர்.

ராஜா துணியைப் பார்த்தார், கொட்டையைப் பார்த்தார், கடைசியில் வடிவாம்பாளைப் பார்த்தார். அவருடைய மீசை துடித்தது. அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மூட்டையை இப்போதே அவிழ்த்துக் கொடுங்கள். ஓரத்தில் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். குழைக்காதா, உனக்கு ஒரு பட்டுச் சால்வை." பிறகு விருத்தகிரி பக்கம் திரும்பினார். "நான் சொன்ன வாக்கை மாற்றமாட்டேன். பத்துக்கு மூன்று உமக்குத்தான். ஆனால் இனிமேல் வியாபாரிக்கு நஷ்டம் வந்தால் அதிலும் பத்துக்கு மூன்றை நீர் ஏற்க வேண்டும். சம்மதமா?"

விருத்தகிரி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். பிறகு பணிவாகக் கைகட்டி நின்றார்.

"பிரபு, இடம்தானே கொடுக்கிறேன், நஷ்டம் எதற்கு? பத்துக்கு ஒன்றே தாராளம்."