பன்னிரண்டு டியூனிங் கீ

இறால் உறையவைக்கும் ஆலையில் இன்ஜினியரான கஸ்பார் மச்சாதுவுக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருக்குக் கிட்டார் சொல்லித்தரும் டெல்மாவுக்கு இருபத்தெட்டு. ஆனாலும் டீச்சரைக் கண்டால் எழுந்து நிற்பது அவர்தான்.

ஈஸ்டருக்குப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்க ஆளில்லை. தன்னால் முடியுமா முடியாதா என்று கஸ்பார் சனிக்கிழமைக்குள் பங்குச் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டி, அதில் வரும் கிட்டார் ஒலியை வைத்தே ஒப்பேற்றிவிடுவார்கள். அதற்கு விட அவருக்கு மனமில்லை.

வியாழக்கிழமை மாலை வகுப்புக்குக் கிட்டாரோடு ஒரு பிஸ்கட் டப்பாவும் கொண்டு வந்தார்.

“டீச்சர், கம்பி முறுக்குற கீ ரெண்டு செட் வாங்குனேன். ஒரு செட்டை எங்க ஆலையில திரவ நைட்ரஜன்ல ஒரு நாள் முழுக்க முக்கி எடுத்தேன். குளிர்ல உலோகம் இறுகிரும், நாதம் சுத்தமாகும், ஆயுசுக்கும் தேயாதுங்கிறாங்க. நெசமா?”

“எது முக்குனது?”

டப்பாவைத் திறந்தார். வேகத்தடைகளில் ஸ்கூட்டர் குதித்ததில் பன்னிரண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றைக் காதருகே சுண்டினார். எந்தப் புற்றில் எந்தப் பாம்போ, ஒன்றும் விளங்கவில்லை.

டெல்மா கண்ணை மூடிக்கொண்டு டப்பாவுக்குள் கைவிட்டாள். கைக்கு வந்த ஆறை அவருடைய எலக்ட்ரிக் கிட்டாரில் மாட்டினாள். பழைய கம்பிகளையே திரும்பப் பூட்டிச் சுருதி சேர்த்தாள்.

“வாசிங்க.”

மூன்றாவது கம்பி கணீரென்றது. முக்கியதோ? ஐந்தாவது கொஞ்சம் மங்கியது. முக்காததோ? இந்த யோசனையிலேயே போனவர், ஈஸ்டர் பாட்டின் இரண்டாம் அடியில், எப்போதும் தடுக்கும் அதே இடத்தில் விரல் இடறி நின்றார்.

“நல்லாயிருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல டீச்சர். உங்களுக்கு?”

“எனக்கும் தெரியல.”

டீச்சருக்கே தெரியாதென்றால் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

“நாதத்தை விடுங்க. எது நாள்பட உழைக்கும்னாவது கண்டுபிடிக்க வழி இருக்கா?”

“இருக்கு. கலந்தது கலந்தபடியே இருக்கட்டும். தெனம் ரெண்டு மணி நேரம் வாசிங்க. எது முதல்ல தேயுதுன்னு வந்து சொல்லுங்க.”

“அதுக்கு இருபது வருஷம் ஆகுமே.”

“ஆகட்டும்.”

கஸ்பார் டப்பாவை மூடினார். மறுபடி திறந்தார்.

“சனிக்கிழமை சாமியார் கேப்பாரு. நான் என்னன்னு சொல்ல?”

“வாசிக்கிறேன்னு சொல்லுங்க அண்ணாச்சி. தேயறது கோவில்லயே தொடங்கட்டும்.”