முறுக்கு டப்பாவும் வெண்கல மணியும்

“சாமி, சாயங்காலம் ஆனா என்ற கை என்ற பேச்சைக் கேக்க மாட்டேங்குதுங்க.”

சென்னியப்பன் இதைச் சொன்னபோது குரு வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

ஊருக்கு வெளியே, குன்றின் அடியில் இருந்தது அந்த மடம். ஓட்டுக் கூரை, ஒரு வேப்பமரம், வாசலில் தொங்கும் வெண்கல மணி, அவ்வளவுதான். குருவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சென்னியப்பனைவிட எப்படியும் பத்து வயது இளையவர். உடம்பு மட்டும் இரண்டு ஆளுக்குச் சமம். எடை குறைக்க வழி கேட்டு வந்த மனிதருக்கு, அவரைப் பார்த்ததுமே சப்பென்று ஆகிவிட்டது.

“கை எங்கீங்ணா போகுது?” என்று கேட்டார் குரு.

“முறுக்கு டப்பாவுக்குங்க.”

“டப்பா காலியாச்சுன்னா?”

“மிக்சர் டப்பாவுக்குப் போகும்.”

“அதுவும் காலியாச்சுன்னா?”

“சட்டைய மாட்டிட்டு முக்குக் கடைக்குப் போயிருவனுங்க. தட்டுவடை செட்டு திங்க.”

“காரச் சட்னி தூக்கலா வெக்கச் சொல்லுவீங்களா?”

“ஆமாங்க.”

“அப்பத்தான் நல்லாருக்கும்,” என்றார் குரு. கேலி இல்லை, நிஜமான ஆர்வம்தான்.

சென்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“விளையாட்டு இல்லீங்க சாமி. என்ற சம்சாரத்துக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. என்ற கிட்னி ஒண்ணு அவளுக்குப் பொருந்துது. ஆனா நான் பத்துக் கிலோ கொறையோணுமாம். கொறைஞ்சாத்தான் கத்தி வெப்பேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாலு மாசமாச்சுங்க. அவ வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் பண்ணிட்டு வந்து சுருண்டு படுத்துக்கறா. நான் நின்னு முறுக்குத் திங்கறேன்.”



குரு பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்தார்.

“இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

“மோருங்க.”

“காலைல?”

“கொள்ளு வேகவெச்ச தண்ணி ஒரு டம்ளர். எடை கொறைக்கோணுமில்லீங்க.”

“நாளைக்கு மத்தியானம் வாங்ணா,” என்றார் குரு. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

*

மறுநாள் மத்தியானம் சென்னியப்பன் தம் போர்வைக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார்.

குரு வாசலுக்குப் போய் மணியை அடித்தார். சத்தம் அடங்கும்வரை அசையாமல் நின்றார்.

அது அந்த மடத்தின் வழக்கம். சாப்பிடும் முன் மணி அடிக்க வேண்டும். சத்தம் அடங்குவதற்குள் யார் வந்தாலும் அவருக்கும் பங்கு. உள்ளே இருப்பவர் ஒரு கடலையை வாயில் போடுவதானாலும் அப்படித்தான். அந்த மணி ஒரு நாளைக்கு எத்தனை தரம் அடிக்கும் என்பது குருவின் தொப்பையைப் பார்த்தாலே தெரியும்.

ஆடு மேய்க்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி வந்தார். எல்லோருக்கும் இலை போட்டார் குரு. சோறு, கீரைக் கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு, புடலங்காய்ப் பொரியல்.

“சாமி, நான் கொறைக்க வந்தவனுங்க.”

“உக்காருங்ணா.”

உட்கார்ந்தார். முதல் வாய்க்கே கண்ணில் நீர் வந்தது. நாலு மாதமாக அவர் மத்தியானச் சோற்றைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

“இது மாதிரியே வீட்டுல தினமும் தின்னுங்க,” என்றார் குரு, மோர் ஊற்றியபடி.

*

பத்து நாள் கழித்து வந்தார்.

“பரவால்லீங்க சாமி. முன்னெல்லாம் ஒரு டப்பா. இப்ப அரை டப்பா.”

“அப்புறம் எதுக்கு மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்கறீங்க?”

“முன்னாடி பசில தின்னேன். இப்பப் பசியே இல்லீங்க. இருந்தும் கை போகுது.”

“எத்தனை மணிக்கு?”

“அஞ்சு மணிக்கு. அவ படுத்ததுக்கு அப்புறம்.”

“எங்க உக்காந்து திங்கறீங்க?”

“உக்கார மாட்டனுங்க. சமையக்கட்டுல நின்னுட்டே.”

“லைட்டு?”

“போட மாட்டேன்.”

“ஏன்?”

சென்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு உள்ளே போய் ஒரு சின்ன வெண்கல மணியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

“இங்கத்த வழக்கம் தெரியுமில்லீங்ணா. அதையே வீட்டுலயும் பண்ணுங்க. எதை வேணாலும் தின்னுங்க, எவ்வளவு வேணாலும் தின்னுங்க. ஆனா மணி அடிச்சுட்டுத் தின்னுங்க. யாராச்சும் வந்தாங்கன்னா அவங்களோட உக்காந்து தின்னுங்க. வர்லீன்னா உங்க பாடு.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான்.”

சென்னியப்பன் சந்தோஷமாகத்தான் போனார். டாக்டர், மச்சினன், கடைக்கு வரும் ஆள் என்று பார்த்தவரெல்லாம் தின்னாதே என்று சொன்ன உலகத்தில், தின்னு என்று ஒருத்தராவது சொன்னாரே.

*

அடுத்த தரம் வந்தபோது மணியும் கையில் இருந்தது.

“அடிச்சீங்களா?”

“ஒரு நாள் விடலீங்க.”

“யாராச்சும் வந்தாங்களா?”

“ஒருத்தரும் வர்லீங்க.”

“எடை?”

“ஏறிப்போச்சுங்க சாமி. இது நமக்கு ஆகாது போல. நீங்களே வெச்சுக்குங்க.”

குரு மணியை வாங்கி ஆட்டினார். டொக் என்றது. இன்னொரு தரம் ஆட்டினார். டொக்.

கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே இருந்த குண்டைச் சுற்றிக் கட்டம் போட்ட துணி ஒன்றை இறுக்கி, மேலே நூலால் கட்டியிருந்தது.

“நல்ல துணி. உங்க கடைதா?”

“ஆமாங்க.” சென்னியப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னார். பிறகு தலையைத் தூக்கி, “மணி அடிக்கத்தானுங்க சொன்னீங்க. சத்தமா அடிக்கோணும்னு சொல்லலீங்களே,” என்றார்.

“சொல்லலதான்,” என்று ஒத்துக்கொண்டார் குரு. “யாருக்குக் கேக்கக் கூடாதுன்னு கட்டினீங்க?”

“வேற யாரு இருக்கறாங்க எங்க வீட்டுல? அவளுக்குத்தான்.”

குரு மணியை மடியில் வைத்துக்கொண்டார்.

“அவளுக்கு உப்பு ஆகாதுங்க. பொரிச்சது ஆகாது. தண்ணியே அளந்துதான் குடிக்கறா. முறுக்குன்னா உசுரு அவளுக்கு. தீபாவளிக்கு எங்க வீதிக்கே அவதான் சுடுவா. அவளைப் பக்கத்துல வெச்சுட்டு எப்படீங்க திங்கறது? அதான் இருட்டுல நின்னு திங்கறேன்.”

“அதுக்காக மட்டுந்தானுங்களா?”

ஆடு மேய்க்கும் பெண்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு மடத்து வாசலைத் தாண்டிப் போனார்கள். கடைசி ஆடும் போகிறவரை சென்னியப்பன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ மூஞ்சியப் பார்க்க முடியலீங்க சாமி.”

குரு துணியை அவிழ்க்கவில்லை. அப்படியே மணியைத் திருப்பிக் கொடுத்தார்.

“துணி இருக்குதுங்களே?”

“கட்டினது நீங்கதானுங்ணா.”

*

அன்று ஐந்து மணிக்குச் சென்னியப்பன் சமையல்கட்டில் நின்றார். முடிச்சு அவிழவில்லை. கட்டும்போது அவ்வளவு அக்கறையாகக் கட்டியிருந்தார். கடைசியில் பல்லால் கடித்துத்தான் நூலை அறுத்தார்.

தட்டில் ஒரு முறுக்கை வைத்தார். லைட்டைப் போட்டார். மணியை அடித்தார்.

இத்தனூண்டு மணிக்கு அவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கையால் பிடித்து நிறுத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் உள்ளறையில் கட்டில் முனகியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும் காலடி கேட்டது.

அவர் மனைவி வசந்தாமணி நிலைப்படியில் வந்து நின்றாள். ஊசி ஏற்றிய கையில் கட்டு இருந்தது.

“ஏனுங்க, இந்நேரத்துல சாமி கும்பிடறீங்களா?”

“இல்ல புள்ள. முறுக்குத் திங்கறேன்.”

“அதுக்கு எதுக்குங்க மணி?”

“யாராச்சும் வந்தா அவங்களோட உக்காந்து திங்கோணுமாம்.”

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள்.

“தெனமும் அஞ்சு மணிக்கு டப்பா மூடி சத்தம் கேக்குமுங்க. கேட்டுட்டேதான் படுத்திருப்பேன்.”

அவர் கையிலிருந்த மணியைக் கீழே வைத்தார். “தெரிஞ்சும் ஏன் புள்ள ஒண்ணும் சொல்லல?”

“என்ன சொல்லறது? என்ற மூஞ்சியப் பார்க்கப் புடிக்காமத்தான் அங்கயே நிக்கறீங்கன்னு நெனச்சேன்.”

“புடிக்காம இல்ல,” என்றார் சென்னியப்பன்.  அவள் காத்திருந்தாள். “பயம் புள்ள.”

வசந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எனக்கு மட்டும் இல்லீங்களா? அதைத்தான் தனியாப் படுத்துக் கெடந்து பயந்துட்டிருக்கறேன்.”

 அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வீங்கியிருந்தது, வெளுத்திருந்தது. ஆனால் வசந்தாமணிதான், வேறு யாரும் இல்லை.

“அந்த முறுக்கை ஒடைங்க,” என்றாள்.

“நீ திங்கக் கூடாது.”

“திங்கலீங்க. சத்தம் கேக்கோணும்.”

உடைத்தார்.

“எந்தக் கடைதுங்க?”

“முக்குக் கடை.”

“அதானே பார்த்தேன். நமுத்துப் போயிருக்குது. எள்ளையும் காணோம். இதைத்தான் நாலு மாசமா ஒளிச்சு ஒளிச்சுத் தின்னீங்களா?”

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். அவள் எழுந்து, தனக்கென்று டாக்டர் அனுமதித்த உப்பில்லாப் பொரியில் கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள்.

மச்சினன் மகள் கல்யாணத்தைப் பேசினார்கள். கடையில் தேங்கிக் கிடக்கும் போர்வைகளைப் பேசினார்கள். ஆபரேஷனைப் பற்றியும் பேசினார்கள். வீட்டில் அந்தச் சொல்லை அதுவரை இரண்டு பேரும் வாயால் சொன்னதில்லை.

இருட்டிய பிறகு பார்த்தால், உடைத்த முறுக்கில் பாதி தட்டிலேயே இருந்தது. எறும்பு வந்திருந்தது.

*

வெயில் காலம் போய் மழை வந்தது. ஒரு சாயங்காலம் சென்னியப்பன் மடத்துக்கு வந்தார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

குரு வெங்காய பஜ்ஜியுடன் உட்கார்ந்திருந்தார்.

“மணியக் குடுக்க வந்தீங்களாங்ணா?”

“அவ தர மாட்டேங்கறாளுங்க. தலைமாட்டுலயே வெச்சிருக்கறா. இப்பெல்லாம் அவதான் அடிக்கறா.”

“எடை?”

“எட்டுக் கிலோ போச்சுங்க. இன்னும் ரெண்டுதான். அடுத்த மாசம் தேதி குறிச்சரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“முறுக்கு?”

“அதை விடல. அவ முன்னாடி ஒண்ணு திம்பேன். மாவு சரியில்ல, எண்ணெய் பழசுன்னு அவ குத்தம் சொல்லிட்டே இருப்பா. அதுக்கு மேல ஒண்ணு எறங்கறதில்லீங்க.”

குரு வயிறு குலுங்கச் சிரித்தார். எழுந்து போய் வாசல் மணியை அடித்துவிட்டு வந்து தட்டை நடுவில் நகர்த்தினார்.

“சூடா இருக்குது. ஒண்ணு எடுத்துக்குங்க.”

மழைக்கு அந்த வாசனை ஆளைத் தூக்கியது. சென்னியப்பனின் கை தட்டை நோக்கிப் போனது.

சட்டைப் பையில் செல்போன் ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ என்றார். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. எதிரே இருந்த குருவுக்கும் கேட்டது, ஒரு சின்ன வெண்கல மணியின் சத்தம்.

அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சென்னியப்பன் எழுந்து செருப்பை மாட்டினார்.

“ஏனுங்ணா, மழை வலுக்குது. பஜ்ஜி ஆறிப்போகும். பசிக்கலையா?”

“பசிக்குதுங்க சாமி,” என்றார் சென்னியப்பன். “அதான் கெளம்பறேன்.”