கோமளாவுக்கு ஒரு ரவிக்கை

"எனக்குள்ள வத்திப்போச்சு, உமையாள்" என்றார் சபா.

உமையாள் தரையில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன வத்திப்போச்சு, சார்?"

"எல்லாம்தான். பென்சிலை எடுத்தா கை நகர மாட்டேங்குது. தை மாசம் பம்பாயில ஷோ. ஒரு உடுப்புகூட இன்னும் வரையலை. அங்க போய் வெறுங்கையோட நின்னா, அதோட என் பேர் போச்சு."

ரத்தினசபாபதி என்பது அவருடைய முழுப் பெயர். அப்படிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. உடை வடிவமைப்பாளர் சபா என்றால்தான் தெரியும். ஊரில் எந்தப் பணக்கார வீட்டுக் கல்யாணமும் அவர் கைபடாமல் நடந்ததில்லை.

உமையாள் அவரைவிட ரொம்ப இளையவள். அவரிடமே தொழில் படித்தவள். பேரும் புகழும் கூடி வந்த நேரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏலகிரிக்கு வந்துவிட்டாள். விட்ட பிறகுதான் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவளைத் தேடி மலையேற ஆரம்பித்தார்கள். உலகத்தின் புத்தி அப்படி.

தம்மிடம் வேலை பார்த்தவளிடம் போய் நிற்பது சபாவுக்குக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் பயம் வந்துவிட்டால் கௌரவம் எங்கே நிற்கும்?

"ஏதாவது வழி சொல்லு" என்றவர், "சொல்லுங்க" என்று திருத்திக்கொண்டார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அக்காவுக்குக் கடைசியா எப்ப தைச்சீங்க?"

அக்கா என்று அவள் கேட்டது சபாவின் மனைவி கோமளாவை.

"அவளுக்கா? அவ தெருமுனைக் கடையில தைச்சுக்கறா. அதுதான் சௌகரியமாம்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"இதையெல்லாமா கேட்டுக்கிட்டு இருப்பாங்க?"

"அவங்களுக்கு ஒரு ஜாக்கெட் தைச்சுக் குடுங்க. நீங்களே வெட்டி, நீங்களே தைக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சபாவுக்குச் சப்பென்று போய்விட்டது. மந்திரம் கேட்டு வந்தவரிடம் வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினால் எப்படி இருக்கும்? இருந்தாலும் வேறு போக்கிடம் இல்லை.

சென்னைக்குத் திரும்பியதும் மாடி அறையில் போய் உட்கார்ந்தார். கீழே சமையலறையில் கோமளா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அளவெடுக்க அவளைக் கூப்பிடவில்லை. அவர் யாருக்கும் டேப் பிடிப்பதில்லை. ஒரு பார்வை போதும், துளி பிசகாது என்று தொழிலில் அவருக்குப் பேர். அதிலும் இவள் இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளாயிற்றே.

கண்ணை மூடினார். கோமளா வந்து நின்றாள்.

பென்சில் நகர்ந்தது.

சாம்பல் கலந்த நீலத்தில் பட்டு. முன்பக்கம் ஒரு வேலைப்பாடும் இல்லை. முதுகில் மட்டும் கழுத்திலிருந்து கீழ்வரை நெருக்கமாகக் கொக்கிகள், அவற்றை மறைத்துப் பட்டு சுற்றிய குட்டிக் குட்டிப் பொத்தான்கள். கடைசிப் பொத்தானைத் தைத்து முடித்தபோது சபாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிக்காமல் சொல்வதானால், வாழ்நாளில் இவ்வளவு அழகாக அவர் எதையும் செய்ததில்லை.

மறுநாளே மலையேறினார்.

"கை திறந்துடுச்சு, உமையாள். இதைப் பாருங்க."

அவள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"அக்கா போட்டுப் பார்த்தாங்களா?"

"இன்னும் காட்டலை. முதல்ல உங்க கண்ணுல படட்டும்னு…"

உமையாள் பொட்டலத்தை அப்படியே அவர் மடியில் திருப்பி வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். கதவை மூடவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. சபா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, எரிச்சலோடு மலையிறங்கினார்.

கோமளா கூடத்தில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத்தான். நானே தைச்சேன்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க சபாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"போட்டுக் காட்டு."

அறைக்குள் போனவள் வரவே இல்லை. சபா போய்ப் பார்த்தார்.

கண்ணாடி முன்னால், முதுகுப் பக்கம் திறந்தபடி ரவிக்கையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். துணி தோளை விட்டு வழிந்தது. யாரிடமோ இரவல் வாங்கிப் போட்ட மாதிரி இருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அந்த எலும்பை சபா அதுவரை பார்த்ததில்லை.

"கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. பரவாயில்லை, ஒரு தையல் பிடிச்சுக்கறேன்" என்றாள் கோமளா. "கொக்கியைத்தான் பின்னால வெச்சுட்டீங்க."

"அழகே அதுலதான் இருக்கு."

"ஆமாங்க, அழகாத்தான் இருக்கு. எனக்குக் கை பின்னால போக மாட்டேங்குது. தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. தெருமுனைக் கடையில முன்னால வெச்சுத் தருவாங்க."



"எப்பலேர்ந்து இப்படி?"

"சர்க்கரை வந்ததுலேர்ந்துதான். உடம்பு இளைச்சதும் அதுலதான். ரெண்டு வருஷம் இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. டாக்டரைப் பார்த்துட்டு வந்து நேரா மாடிக்குத்தான் வந்தேன். 'உம்'னு சொன்னீங்க."

"நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"வரைஞ்சிட்டிருந்தீங்க." கோமளா கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரு கல்யாணப் புடவை. அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதான் நான் மறுபடி தொந்தரவு பண்ணலை."