கடைசி மடக்குத் தண்ணீர்

மேஜிக் போட்டிக்கு நடுவராக உட்கார வேண்டிய அன்று காலையில் ஆவுடையப்பனுக்கு இட்லி தொண்டையில் இறங்கவில்லை. இத்தனைக்கும் நடுவர் வேலை அவருக்குப் புதிதல்ல. கபடி ஆட்டத்தில் விசில் ஊதியே தலை நரைத்த மனுஷன். கோட்டை மிதித்தவன் சொந்த மச்சானாக இருந்தாலும் வெளியே போகச் சொல்வார். ஒருமுறை அப்படிச் சொல்லித்தான் மச்சான் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

முட்டி தேய்ந்து மைதானத்தை விட்ட பிறகு அவர் சலோமியிடம் மேஜிக் படிக்கச் சேர்ந்தார். சலோமி அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை மாஸ்டர் என்பார். கற்றுக்கொடுப்பவர் மாஸ்டர், அதில் வயதுக்கு என்ன வேலை என்பது ஆவுடையப்பனின் கட்சி.

போட்டி பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் இன்னும் வாடி நின்றது. மேடைக்கு எதிரே நடுவர்களுக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். நடுவில் தலைமை நடுவர் சலோமி. இடப்பக்கம் மைதீன் பிச்சை, ஊர் ஊராக மேஜிக் நடத்தி ஓய்ந்தவர். வலப்பக்கம் ஆவுடையப்பன்.

ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிவப்பு பல்பும் சுவிட்சும் இருந்தன. பல்பு மேடையைப் பார்த்து இருக்கும். எரிந்தால் மேடையில் நிற்பவருக்குத் தெரியும், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குத் தெரியாது.

வித்தையின் ரகசியம் வெளியே தெரிந்துவிட்டால் நடுவர் விளக்கைப் போட வேண்டும். இரண்டு விளக்கு எரிந்தால் திரை விழும். அந்த ஆள் மூன்று வருஷம் இந்தப் போட்டிக்கு வர முடியாது. ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் வித்தையை முடிக்க விடுவார்கள். முடிந்ததும் நடுவர்கள் பேசுவார்கள். இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் அதே தண்டனைதான். முடிவு தெரியும்வரை போட்டியாளர் மேடையை விட்டு இறங்கக் கூடாது. விளக்கைப் போட்டவருக்கு மனசு மாறினால் அதற்குள் அணைத்துக்கொள்ளலாம் என்றும் விதி இருந்தது. இதுவரை யாரும் அணைத்ததில்லை.

சலோமி ஒவ்வொரு பல்பாகப் போட்டுப் பார்த்து அணைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க, அண்ணாச்சி."

"ரகசியம் தெரியாதவன் மார்க் போட முடியாது. தெரிஞ்சவனுக்கு ஆச்சரியம் வராது. அப்பம் யாருதான் மார்க் போடுறது?"

சலோமி ஆவுடையப்பனுடைய பல்பைப் போட்டார். எரிந்தது. அணைத்தார்.

"சாயங்காலம் கேளுங்க."

போட்டி தொடங்கியது. ஒருவர் வெறுங்கூண்டிலிருந்து புறா எடுத்தார். ஒருவர் எரிகிற தாளைப் புது ரூபாய் நோட்டாக மாற்றினார். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். ஆவுடையப்பன் பிளக்கவில்லை. மேடையில் இருப்பவன் எந்தக் கையைப் பார்க்கச் சொல்கிறானோ அதை விட்டுவிட்டு மற்றக் கையைப் பார் என்பது சலோமி அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவர் மற்றக் கையையே பார்த்தார். புறா எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. நோட்டு எங்கே மடங்கியிருந்தது என்று தெரிந்தது. கபடியிலும் அவர் இப்படித்தான், ஆட்டக்காரனின் முகத்தைப் பார்த்ததே இல்லை, காலையும் கோட்டையும்தான் பார்ப்பார். மதியத்துக்குள் அவருக்குத் தன்மேல் நல்ல நம்பிக்கை வந்துவிட்டது. சாப்பாட்டில் இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிற்பகலில் முப்பிடாதி என்ற பெண் மேடைக்கு வந்தாள். ஊரில் ஜாக்கெட் தைப்பவள். மற்றவர்கள் கோட்டும் ஜிகினாவுமாக வந்த இடத்தில் நூல் புடவையோடு வந்து நின்றாள். கையில் ஒரு பித்தளைச் செம்பு. முன்னால் ஒரு ஸ்டூல், அதன்மேல் சில தம்ளர்கள், கீழே ஒரு வாளி. அவ்வளவுதான் சாமான்.

"எங்க ஊர்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வரும்" என்று சொல்லத் தொடங்கினாள். "வந்த தண்ணி தீந்துபோச்சு. வீட்டுல இருக்கறது இந்த ஒரு செம்புதான்."

செம்பைச் சாய்த்து முதல் தம்ளரில் ஊற்றினாள். "இது மாமாவுக்கு. வயசானவரு." செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. காலி. நிமிர்த்தி வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். மறுபடி எடுத்துச் சாய்த்தாள். தண்ணீர் வந்தது. "இது பெரியவனுக்கு. பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவான்." கவிழ்த்தாள். காலி. மறுபடி எடுத்தாள். "இது சின்னதுக்கு." கவிழ்த்தாள். காலி. "இது மாட்டுக்கு. வாயில்லாத சீவன்." வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பழைய வித்தைதான். ஆவுடையப்பனுக்கு அது அத்துப்படி. செம்புக்குள் ஒரு செம்பு, கழுத்து ஓரத்தில் ஒரு துளை, அதை விரல் மூடியிருக்கும்வரை தண்ணீர் வராது. அவர் கண் அவளுடைய வலது கையின் பெருவிரலில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஊற்றினாள். வேலைக்குப் போன புருஷனுக்கு எடுத்து வைத்தாள். எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. "எனக்கு" என்று சொல்லிச் செம்பைக் கவிழ்த்தாள். காலி. ஸ்டூலின்மேல் வைத்தாள். மண்டபத்தில் இருமல் சத்தம்கூட இல்லை.

அவள் மறுபடி செம்பை எடுத்தபோது பெருவிரல் வழுக்கியது. துளையிலிருந்து ஒரு துளி கசிந்து, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை வரை ஓடி நின்றது.

ஆவுடையப்பன் விளக்கைப் போட்டார்.

போட்ட கையோடு சலோமியின் விரலைப் பார்த்தார். அது சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தது, அசையவில்லை. போடுவாரா மாட்டாரா? மைதீன் பிச்சையின் விரலைப் பார்த்தார். அதுவும் அசையவில்லை. மறுபடி முழங்கையைப் பார்த்தார். துளி அங்கேதான் இருந்தது. தன் கண் பொய் சொல்லவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

பின்னால் கைதட்டல் எழுந்தது. முதலில் ஒருவர் இருவர், பிறகு எல்லாரும். முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஜனங்களுக்கு என்ன தெரியும் என்று ஆவுடையப்பன் நினைத்தார்.

டீக்கு இடைவேளை விட்டார்கள். மண்டபம் காலியானது. முப்பிடாதி மட்டும் மேடையில் தம்ளர்களுக்கு நடுவே நின்றாள். அவள் பார்வை சிவப்பு விளக்கைவிட்டு நகரவில்லை.

"காரணம் சொல்லுங்க, அண்ணாச்சி" என்றார் சலோமி.

"துளை கசிஞ்சுது, மாஸ்டர். முழங்கை வரை தண்ணி. ரகசியம் வெளிய வந்துட்டு."

சலோமி மேடையைப் பார்த்துக் கேட்டார். "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?"

"விரல் வழுக்கிட்டு, மேடம். இல்லன்னு சொல்ல மாட்டேன். பரிசு வேண்டாம். மூணு வருசம்னு மட்டும் சொல்லிராதீங்க. இந்த வருசமே வீட்டுல கெஞ்சித்தான் வந்தேன். மூணு வருசம் வீட்டோட இருந்தா செம்பைத் தூக்கிப் பரண்ல போட்டுருவாங்க. அதுக்கப்புறம் எனக்கு மேடை ஏது?"

ஆவுடையப்பனுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் மச்சானையே வெளியே அனுப்பிய மனுஷன் அவர்.

"பாவமாத்தான் இருக்கு. விதின்னு ஒண்ணு இருக்குல்லா?"

மைதீன் பிச்சை தாடியைத் தடவினார். "எனக்குத் துளி தெரியல. ஆனா அண்ணாச்சி கண்ணு தப்பாது. அவரு பாத்தேன்னா பாத்ததுதான். அவரு நிலையா நின்னா எனக்கும் சம்மதம். இல்லன்னா இல்ல."

ஆக, அந்தப் பெண்ணின் மூன்று வருஷம் ஆவுடையப்பனின் வாயில் இருந்தது.

"விளக்கு போட்டவர்கிட்ட தலைமை நடுவர் ஒரு கேள்வி கேக்கலாம்" என்றார் சலோமி. "விதியில இருக்கு."

"கேளுங்க, மாஸ்டர். எந்த விரல், எந்தப் பக்கம், எல்லாம் சொல்லுதேன்."

"கடைசியில அந்தப் பிள்ளை தண்ணி குடிச்சுதா?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

செம்பை எடுத்தாள். அது தெரியும். பெருவிரல் வழுக்கியது. அதுவும் தெரியும். அதற்குப் பிறகு? சாய்த்தாளா? தண்ணீர் வந்ததா? காலிச் செம்பை வாயில் கவிழ்த்துவிட்டு வைத்துவிட்டாளா? எல்லாரும் எதற்குக் கைதட்டினார்கள்? அந்த அம்மாள் எதற்கு அழுதாள்? எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஒரு முழங்கைதான் கண்ணுக்குள் வந்தது.

அவர் மைதீன் பிச்சையின் பக்கம் திரும்பினார். மைதீன் பிச்சை ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க சொல்லாதீங்க, பாய்" என்றார் சலோமி.

டீ குடித்துவிட்டு ஜனங்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒவ்வொருவருக்கும் அந்தப் பதில் தெரியும். வாசலில் வடை விற்றவர்கூட எட்டிப் பார்த்திருப்பார். மேஜைக்குப் பின்னால், எல்லாரையும்விடப் பக்கத்தில், உட்கார்ந்திருந்த தனக்கு மட்டும் தெரியாது என்று நினைத்தபோது ஆவுடையப்பனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் காது மடல் வரை சுட்டது.

மேடையில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் கையை நீட்டி விளக்கை அணைத்தார்.

முப்பிடாதி சற்று நேரம் நம்பாமல் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து தம்ளர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். இறங்கும்போது படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு புறாக்காரருக்குப் போனது. முப்பிடாதிக்கு ஒன்றும் இல்லை. விரல் பிசகாத கைச்சுத்தம் என்ற கட்டத்தில் சலோமி அவளுக்கு மிகக் குறைவாகத்தான் மார்க் போட்டிருந்தார். ஆவுடையப்பனும் அப்படியே. ஆச்சரியம் என்ற கட்டத்தில் மட்டும் அவர் மார்க் போடவில்லை. "நான் பாக்கல" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முப்பிடாதி செம்பைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, கடைசி பஸ் போய்விடும் என்று ஓடினாள். அவள் முகத்தில் தோற்ற களை இல்லை.

மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். சலோமி பல்புகளைக் கழற்றி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாஸ்டர், அந்தத் துளியை நீங்க பாக்கலையா?"

"உங்களுக்கு முந்தியே பாத்துட்டேன்."

"பாத்துட்டும் போடலையா?"

"பாத்தேன். பாத்துட்டு அந்தப் பிள்ளை மூஞ்சிக்குத் திரும்பி வந்துட்டேன். நீங்க முழங்கையிலேயே நின்னுட்டீங்க."

ஆவுடையப்பன் வயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகச் சுருட்டினார்கள்.

"காலையில ஒரு சந்தேகம் கேட்டீங்களே, அண்ணாச்சி. சாயங்காலம் ஆயிட்டு."

"அது கெடக்கட்டும், மாஸ்டர்." அவர் வெறும் மேடையைப் பார்த்தார். ஸ்டூல் இருந்த இடத்தில் தரை இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. "அந்தப் பிள்ளை தண்ணி குடிச்சுதா, இல்லையா?"

சலோமி சுருட்டிய வயரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"அந்தப் பிள்ளை அடுத்த வருசம் வரும், அண்ணாச்சி. பாத்துத் தெரிஞ்சுக்கிடுங்க."